ரேடியோ கட்டுப்பாட்டு மின்படகுகளின் பேட்டரி இணைப்பிகள்

ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் மாதிரி மின்படகில், பேட்டரியை மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்தியோடு கழற்றி மாட்டும்படி இணைக்கும் பிளக்-சாக்கெட் ஜோடியே பேட்டரி இணைப்பி. படகின் விலையில் இதன் பங்கு மிகச் சிறியது. ஆனால் பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் முழுவதும் இதன் வழியாகத்தான் போயாக வேண்டும். பெயரிலுள்ள எண்ணையோ, அதே மோட்டார் கொண்ட மாதிரிக் காரில் இருப்பதையோ பார்த்து இணைப்பியைத் தேர்வதுதான் பரவலான வழக்கம். படகுக்கு அது போதாது. தண்ணீருக்குள் புரொப்பெல்லர் இழுக்கும் மின்னோட்டமே இங்கு அளவுகோல்.

ரேடியோ படகின் வரலாறு 1898இல் தொடங்குகிறது. அவ்வாண்டு நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், சேமக்கலத்தால் ஓடும் சிறு படகொன்றைக் கம்பியின்றிச் செலுத்திக் காட்டினார். நவம்பர் 8ஆம் நாள் அதற்கு 613,809 என்ற எண்ணுடன் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. ரேடியோ படகு பொழுதுபோக்காகப் பரவிய பின்னும் வெகுகாலம் 6 அல்லது 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் படகுகளை ஓட்டின. இழுவைக் கப்பல், மீன்பிடிப் படகு போன்ற நிதானமான மாதிரிகளுக்குச் சில ஆம்பியரே தேவை. தட்டை முனையில் செருகும் கவ்வியோ 4 மி.மீ. பனானா பிளக்கோ அதைத் தாராளமாகத் தாங்கியது. 1924இல் ஜெர்மனியின் ரிச்சர்டு ஹிர்ஷ்மான் உருவாக்கியதாகக் கொள்ளப்படும் அந்தப் பிளக்கில், வில்போல் விரியும் உலோக இதழ்கள் துளையின் சுவரை எல்லாப் பக்கமும் அழுத்துகின்றன. இன்றைய புல்லட் இணைப்பியும், புல்லட்டை நைலான் கூட்டுக்குள் வைத்த எக்ஸ்டி, இசி வகைகளும் அதே தத்துவத்தின் வழிவந்தவை. இடையில் வந்த தமியா இணைப்பியைப் பின்னடைவு என்றே கொள்ள வேண்டும். 1980களில் ஜப்பானின் தமியா நிறுவனத்துக் கார்கள் உலகெங்கும் பரவியபோது, அவற்றின் 7.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியோடு வந்த வெள்ளை நைலான் பிளக் படகுகளுக்குள்ளும் புகுந்தது. அதன் தொடுமுனை சுருட்டிய மெல்லிய தகடுதான். பத்துப் பதினைந்து ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து ஓடினால் சூடேறித் தளர்ந்துவிடும். தட்டை முனைகளை டி வடிவில் அமைத்த டீன்ஸ் பிளக்கும், ஆண் பெண் வேறுபாடில்லாத ஆண்டர்சன் பவர்போலும் அதற்கு மாற்றாக இடம்பிடித்தன.

இணைப்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு தொடுமுனையில் ஒரு மில்லியோம் தடை இருந்தால் 25 ஆம்பியரில் வீணாவது 0.6 வாட், 100 ஆம்பியரில் 10 வாட். இரு முனைகளுக்கும் சேர்த்து 20 வாட் என்றால் அது ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சக்தி. கார் வேகமெடுத்தபின் அதன் மின்னோட்டம் தணியும். படகில் அப்படித் தணியாது. புரொப்பெல்லரின் சுமை சுழற்சி வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், முழு வேகத்தில் ஓடும் நேரமெல்லாம் மின்னோட்டம் உச்சத்தை ஒட்டியே நிற்கும். பாசி சிக்கினால் இன்னும் எகிறும். மோட்டாரையும் வேகக் கட்டுப்படுத்தியையும் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் உண்டு. டேப் ஒட்டி மூடிய மேல்தளத்துக்கு அடியில் கிடக்கும் இணைப்பிக்குக் காற்றோட்டம்கூட இல்லை. எக்ஸ்டி60 என்ற பெயரிலுள்ள 60, தயாரிப்பாளரான ஆமாஸ் தரும் விவரப்படி சற்று நேரம் மட்டும் தாங்கும் அளவு. தொடர்ந்து தாங்குவது 30 ஆம்பியர்தான். ஆகவே காருக்குப் பொருந்துவதைவிட ஒரு படி பெரிய இணைப்பியைப் படகுக்குத் தேர்வதே முறை.

பேட்டரியின் செல்களைக் கூட்டி வோல்ட்டை உயர்த்தினால் ஆம்பியர் குறையும், சிறிய இணைப்பியே போதும் என்ற வாதம் உண்டு. சக்தி மாறாதிருந்தால்தான் அது சரி. மோட்டாரையும் புரொப்பெல்லரையும் மாற்றாமல், மூன்று செல் லிப்போ (லித்தியம்-பாலிமர்) பேட்டரி இருந்த இடத்தில் நான்கு செல் வைத்தால் சுழற்சி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும், மின்னோட்டம் 1.8 மடங்கை நெருங்கும். இணைப்பியின் வெப்பம் மூன்று மடங்கைத் தாண்டும். பெரிய இணைப்பியால் எடை கூடும் என்ற மறுப்பும் நிற்காது. கூடுவது சில கிராம். பேட்டரியைச் சற்று நகர்த்தினால் சமநிலை திரும்பிவிடும். நீர்புகாமையே முதல் தேவை என்போரும் உளர். நன்னீரில் நனைந்த இணைப்பியைத் துடைத்து உலர்த்தினால் போதும். உப்புநீர்தான் உண்மையான பகை, ஏனெனில் மின்னாற்பகுப்பால் நேர்முனையின் உலோகம் அரிக்கப்படும். அதற்குத் தீர்வு ஓட்டம் முடிந்ததும் நன்னீரில் கழுவுவது. சூடேறும் சிறிய இணைப்பியை ரப்பரால் மூடுவது தீர்வாகாது. கூடு இல்லாத தனி புல்லட்டில் தடை மிகக் குறைவு என்பது மெய்யே. ஆனால் நேர், எதிர் முனைகள் மாறிச் செருகப்பட்டால் வேகக் கட்டுப்படுத்தி அக்கணமே எரிந்துபோகும். பந்தயப் படகு தவிர மற்றவற்றுக்கு, தலைகீழாகச் செருக முடியாத கூடுள்ள வகையே ஏற்றது. ஆறு செல் பேட்டரியை மாட்டும்போது, வேகக் கட்டுப்படுத்தியின் மின்தேக்கிகள் நிரம்பும் பாய்ச்சலில் பொறி பறந்து தொடுமுனை கருகும். முனையில் மின்தடை பொதிந்த எக்ஸ்டி90-எஸ் அதைத் தடுக்கிறது.

இன்றைய சிறிய படகுகளில் எக்ஸ்டி60, பெரியவற்றில் எக்ஸ்டி90 அல்லது இசி5, அதிவேகப் பந்தயப் படகுகளில் 5.5 அல்லது 8 மி.மீ. புல்லட் புழங்குகின்றன. புதிதாக வந்த ஐசி5 பழைய இசி5 உடன் பொருந்தும்.