வழித்தடத்தின் கணக்கு: கம்பம் பள்ளத்தாக்கில் வண்டி, ரயில், பேருந்து

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பள்ளத்தாக்கு மக்கள் விமானம் ஏற மதுரைக்குத்தான் போக வேண்டும். ஆயினும், சிறு விமான நிறுவனங்களின் விமானிகளை அரித்துவரும் ஒரு கவலையை விளங்கிக்கொள்ள இந்தப் பள்ளத்தாக்கின் பழைய வழித்தடங்கள் நமக்குப் பெரிதும் துணைசெய்கின்றன.

அந்தக் கவலை இதுதான்: நாம் ஓட்டிவரும் தடத்தை, நம்மைவிடக் குறைந்த செலவில் ஓட்ட ஒருவன் வந்துவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவில் காமேர் என்றொரு நிறுவனம் இருந்தது. டெல்டா விமான நிறுவனத்துக்காகச் சிற்றூர்களுக்கு விமானங்களை இயக்கியது. 2001இல் அதன் விமானிகள் 89 நாள்கள் வேலைநிறுத்தம் செய்து நல்ல ஊதியம் பெற்றார்கள். ஆனால், பின்னர் அவர்கள் பறந்த தடங்கள் செலவு குறைந்த வேறு நிறுவனங்களுக்குக் கைமாறிக்கொண்டே வந்தன. 2012 செப்டம்பரில் காமேர் மூடப்பட்டது. அதன் செலவு மிகுதி என்பதே டெல்டா சொன்ன காரணம். பல்லாண்டு பணியாற்றித் தேர்ந்த விமானிக்கு ஊதியம் கூடுதல். ஆக, அவருடைய அனுபவமே அவருக்கு எதிரான செலவுக் கணக்காயிற்று.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 1887 முதல் 1895 வரை பென்னிகுவிக் பெரியாறு அணையைக் கட்டியபோது, இருப்புப்பாதை அம்மையநாயக்கனூரோடு நின்றிருந்தது (இன்றைய கொடைரோடு நிலையம்). அங்கே இறங்கிய தளவாடங்கள் மாட்டுவண்டிகளில் பெரியகுளம், தேனி, கம்பம் கடந்து கூடலூர் வந்தன. மலையேற்றத்துக்குக் கம்பிவடம் அமைத்தார்கள். அணையைக் கட்டிய பொறியாளரை இம்மண் மறக்கவில்லை, கும்பிடுகிறது. வண்டிக்காரர்களின் பெயர்கள்தாம் நம்மிடம் இல்லை.

போடிப் பக்கத்திலும் இதே கதைதான். மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் நீராவி எஞ்சினோடு குறுகிய ரயில் வந்தது. கொட்டகுடியிலிருந்து போடி வரை சுமார் 15 கிலோமீட்டர் மாட்டுவண்டி. மலைச்சரிவில் வண்டிக்காரனால் கம்பிவடத்தோடு போட்டியிட இயலாது. சரக்கின் பாரமே அதைக் கீழே இறக்கும், வைக்கோலும் பருத்திக்கொட்டையும் கேட்காது. சமவெளி மட்டும் அவனுக்கு எஞ்சியது. 1924 வெள்ளத்தில் அந்தக் குறுகிய ரயில் அழிந்தது. 1931இல் மூணாறு–ஆலுவா சாலை திறக்கப்பட, தேயிலைக்கு மேற்கே இன்னொரு வழி பிறந்தது.

இதற்கிடையில், 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு 90 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை வந்தது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி வழியாக வந்து மலையடிவாரத்தில் முடிந்தது. அதாவது தேயிலையையும் ஏலக்காயையும் நோக்கி வந்ததே ஒழிய, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று நெல் விளையும் ஊர்களின் பக்கம் திரும்பவே இல்லை. (திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக ஒரு பாதை வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுந்துவருகிறது.)

ரயில் வந்த காலமும் நல்ல காலமன்று. 1912இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் புதுக்கோட்டைப் பக்கம் பேருந்து ஓட்டத் தொடங்கியதிலிருந்தே, தென்மாவட்டங்களில் மோட்டார் வண்டி வேரூன்றிக்கொண்டிருந்தது. 1929க்குப் பின் உலகமே பொருளாதார வீழ்ச்சியில் சிக்க, இந்தியா முழுவதும் ரயில்வேக்கள் குறுந்தொலைவுப் பயணிகளைப் பேருந்துகளிடம் இழக்கலாயின. இதை ஆராய அரசு மிட்செல், கிர்க்னெஸ் என்ற இருவரை அமர்த்தியது. 1933இல் சிம்லாவில் சாலை–ரயில் மாநாடும் கூடிற்று.

அன்றைய வழக்கு நமக்கு மிகச் சுவையானது. ரயில்வே தன் தண்டவாளத்தைத் தானே போட்டு, பாலம் கட்டி, கேட் கீப்பருக்கும் தண்டவாளத் தொழிலாளருக்கும் சம்பளம் தந்து, அதன் பிறகே கட்டணம் வைக்கிறது. பேருந்து முதலாளியோ பொதுப்பணத்தில் போட்ட சாலையில் ஓடுகிறார். வரி கட்டுகிறார் என்பது உண்மை. ஆனாலும் பாதையின் முழுச் சுமை அவர் தலையில் இல்லை. அவர் டிக்கெட் மலிவாக இருப்பதில் என்ன வியப்பு? பேருந்துக்காரர்களிடமும் நியாயம் இருந்தது. கடைவீதியிலேயே நின்று ஆளை ஏற்றி, தண்டவாளம் தொடாத கம்பத்துக்கும் கூடலூருக்கும் கொண்டுபோய்விட்டது பேருந்துதான். 1939இன் மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட் முறையைக் கொண்டுவந்து, வீண் போட்டியைத் தடுக்கக் கட்டணத்தை வரையறுக்கும் அதிகாரத்தையும் அரசுக்குத் தந்தது.

சட்டம் காத்தது, போர் காக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது போடிப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில்தான் பாதை மீண்டது. அதற்குள் ஒரு தலைமுறை பேருந்துக்குப் பழகிவிட்டது என்றே நாம் கருதுகிறோம். 1972இல் பேருந்துகளுக்கும் முறை வந்தது: அரசுடைமையின் விளைவாகப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது, தனியார் பேருந்துகளின் தடங்கள் பல கழகத்தின் கைக்கு மாறின.

2010ஆம் ஆண்டு முடிவில், அகலப் பாதையாக மாற்றுவதற்காக ரயில் மறுபடியும் நின்றது. தேனிக்கு அது திரும்பி வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூனில். அதுவும் எப்படி? 2022இல் காலையில் மதுரையிலிருந்து தேனிக்கும், மாலையில் தேனியிலிருந்து மதுரைக்கும் ஒரே ஒரு வண்டி. காலையில் மதுரைக்கு வேலைக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டிய தேனிக்காரருக்கு அதனால் என்ன பயன்? கட்டணம் குறைவாக இருந்தும் பேருந்து நிலையத்தில் கூட்டம் குறையாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மதுரை விமான நிலையமும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. 2003இல் ஏர் டெக்கான் மலிவுக் கட்டணத்தைத் தொடங்கி வைத்தது. 2005இல் மதுரைத் தொழில்குழுமம் ஒன்று பாரமவுண்ட் ஏர்வேஸை நிறுவி, உயர்வகுப்பு இருக்கைகள் மட்டுமே கொண்ட எம்ப்ரேயர் விமானங்களைத் தென்னக நகரங்களுக்கு இயக்கியது. 80 இருக்கைகளுக்குக் குறைந்த விமானங்களுக்குத் தரையிறங்கு கட்டணம் இல்லை என்ற மத்திய அரசின் சலுகை அதற்குக் கைகொடுத்தது. பாதைக்கான செலவில் ஒரு பங்கு இங்கும் வேறொருவர் கணக்கில்! விமானங்களைக் குத்தகைக்குத் தந்தவர்களோடு ஏற்பட்ட வழக்கில் சிக்கி 2010இல் அது நின்றுபோனது. அந்த விமானிகள் வேறு நிறுவனங்களைத் தேட வேண்டியதாயிற்று.

பள்ளத்தாக்கில் போட்டி இன்னும் முடியவில்லை. 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். கல்லூரி மாணவியருக்கும் சந்தைக்குக் கூடை சுமந்து போகும் பெண்களுக்கும் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் அறிவோம். அதே தடத்தில் டிக்கெட் கிழித்துப் பிழைக்கும் தனியார் மினி பஸ்ஸின் ஓட்டுநரும் நடத்துநரும், சுழியத்தைவிடக் குறைவாக எந்தக் கட்டணத்தை வைப்பார்கள்?