பக்கத்துக் கை என்ன செய்கிறது?



உம்ராவுக்கும் தொழிலுக்கும் விமானம் ஏறும் நாம், பூட்டிய கதவுக்குப் பின்னால் விமானியின் கையில் என்ன இருக்கிறது என்று யோசிப்பதில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

பழைய விமானங்களில் விமானியின் பிடியிலிருந்து வால்வரை கம்பி ஓடியது. மாட்டின் கயிறைப் பிடித்தவருக்கு அது திமிறுவது தெரிவதுபோல, காற்றின் அழுத்தம் நேரே கைக்கு வந்தது. ஹைட்ரோலிக் வந்ததும் அந்த உணர்வு போனது. அதனால் ஸ்பிரிங் வைத்துச் செயற்கையாகக் கனம் உண்டாக்கினார்கள். பின்னர் கம்பிக்குப் பதில் கணினி வந்தது. அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானத்தில் முதலில் வைத்த பிடி அசையவே இல்லை, கையின் அழுத்தத்தை மட்டும் அளந்தது. விமானிகளுக்கு அது பிடிபடாததால் சற்று அசையும்படி மாற்றினார்கள்.

1988இல் சேவைக்கு வந்த எயார்பஸ் ஏ320இல் இரு விமானிகளுக்கும் பக்கவாட்டில் சிறு பிடிகள். ஒன்றை இழுத்தால் மற்றது அசையாது. இருவரும் இழுத்தால் கணினி இரண்டையும் கூட்டிக்கொள்ளும். போயிங் 1995இல் கொண்டுவந்த 777இலும் கணினிதான், ஆனால் இரு பிடிகளும் சேர்ந்தே அசையும்.

இது வெறும் பொறியியல் வாதம் என்று நினைத்திருக்கலாம், 2009 ஜூன் 1 வரை.

அன்று றியோவிலிருந்து பாரிஸ் போன எயார் பிரான்ஸ் 447, ஓர் ஏ330. அட்லாண்டிக்குக்கு மேலே வேகமானிக் குழாய்களில் பனி அடைத்து, தானியங்கி விலகியது. வலப்பக்க விமானி பிடியைப் பின்னால் இழுத்தார். விமானம் 38,000 அடிக்கு ஏறி, தூக்கு விசையை இழந்து விழத் தொடங்கியது. எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஒலித்தது. இடப்பக்க விமானியின் பிடியோ அசையவில்லை. பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அவர் கை அறியவில்லை. ஓய்விலிருந்து ஓடிவந்த கெப்டனும் பின்னால் நின்றார். தான் இவ்வளவு நேரமும் இழுத்துக்கொண்டிருந்ததை அந்த விமானி சொன்னது கடைசி நிமிடத்தில். 228 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

கறுப்புப் பெட்டிகள் கிடைக்க 2 வருடங்கள் ஆகின. 2012 அறிக்கை பயிற்சிக் குறை, எச்சரிக்கையின் குழப்பம் எனப் பலதைச் சொன்னது. பிடி மட்டும்தான் காரணம் என்பது அநியாயம். ஆனாலும் ஒருவர் இழுப்பதை மற்றவர் பார்த்துக் கண்டுகொள்வது கடினம் என்பதையும் அது மறைக்கவில்லை.

கணினி மோட்டார்களால் இரு பிடிகளையும் ஒன்றாக அசைக்கும் முறை பிறகு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி500 போன்ற சிறு ஜெட்களில் வந்துவிட்டது. எயார்பஸ் ஏ350இல் இரு பிடிகளும் இன்னும் தனித்தனிதான்.