திசையன் வரைகலைத் தொடக்கப் பயிற்சி (பேராக்)

திசையன் வரைகலை, அதாவது வெக்டர் வரைகலை மென்பொருளைச் சிறுசிறு வகுப்புப் பணிகள் வழியாகக் கற்பிக்கும் முறை. இவ்வகை மென்பொருள் படத்தை நிறப்புள்ளிகளாகச் சேமிப்பதில்லை. முனைகளாகவும் அவற்றை இணைக்கும் வளைகோடுகளாகவும் சேமிக்கிறது. பெயர் அட்டைக்கு வரைந்த முத்திரையைத் தைப்பூசப் பதாகை அளவுக்குப் பெருக்கினாலும் ஓரம் பிசிறடிக்காது. இக்கட்டுரை மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஈப்போவையும் அங்குள்ள முன்னாள் ரப்பர்த் தோட்டப் பகுதிகளையும் சேர்ந்த தமிழ் மாணவரை முன்வைத்து எழுதப்பட்டது.

வரலாறு

வளைகோட்டின் கதை கார்த் தொழிற்சாலையில் தொடங்குகிறது. 1959இல் பிரான்சின் சித்ரோயன் நிறுவனத்தில் பணிபுரிந்த பால் தெ காஸ்தெல்ஜோ, கார் உடலின் வளைவைச் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் துல்லியமாகக் குறிக்கும் வழியைக் கண்டறிந்தார். நிறுவனம் அதை வெளியிடாமல் பூட்டி வைத்தது. போட்டி நிறுவனமான ரெனோவில் பியேர் பெசியே அதே வளைவுக்குத் தனி வழியில் வந்து சேர்ந்தார், வெளியிட்டும்விட்டார். உலகம் அதைப் பெசியே வளைவு என்று அழைக்கிறது. முதலில் கண்டுபிடித்தவர் காஸ்தெல்ஜோ.

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்னும் மென்பொருளை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரைமீதே வரையலாம். மூலப்படம் ஒன்றை வரைந்து பல நகல்களை வைத்துக்கொள்ளவும் முடியும். மூலத்தைத் திருத்தினால் நகல்கள் தாமே திருந்தும். தொடக்க வகுப்பில் மாணவர் இன்றும் வாய்பிளக்கும் இடம் இதுதான்.

தமிழ் வாசகர் மறக்கக்கூடாத ஆண்டு 1974. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் இணைந்து, கோலங்களைப் பட இலக்கணமாக ஆராய்ந்த கட்டுரையை அவ்வாண்டு வெளியிட்டார். சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் கோலம் வளர்ந்துகொண்டே போகும் என்பதை அது கணித மொழியில் நிறுவியது. வணிக மென்பொருள்கள் பின்னரே வந்தன. 1984இல் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், 1987இல் இல்லஸ்ட்ரேட்டர், 1989இல் கனடாவின் கோரல்டிரா. 2001இல் எஸ்.வி.ஜி. திசையன் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவமாக ஏற்கப்பட்டது. 2003இல் கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப், சோடிபோடி என்னும் மென்பொருளிலிருந்து பிரிந்து பிறந்தது.

மலேசியத் தமிழுக்குக் கணினி வந்த வரலாற்றில் முத்து நெடுமாறனின் பெயர் முதலில் நிற்கும். 1985இல் அவர் தொடங்கிய முரசு அஞ்சலும், பிற்பாடு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற இணைமதி எழுத்துருவும் அறியப்பட்டவை. எழுத்துரு என்பதே திசையன் வரைகலைதான். ‘அ’வின் ஒவ்வொரு சுழியும் முனைகளாலும் வளைவைக் கட்டுப்படுத்தும் கைப்பிடிகளாலும் ஆனது.

தோட்டப் பின்னணி

1877இல் பேராக்கின் கோலாகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பேராக்கின் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படி முளைத்தவை. சுதந்திரத்தையொட்டித் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்க முனைந்தார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசைவீடுகள் காலியாயின, பள்ளிகள் சில மூடப்பட்டன, சில பட்டணத்துக்கு இடம்பெயர்ந்தன. இன்றும் நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் பேராக்.

பயிற்சிப் பணிகள்

பாடநூல்கள் பொதுவாக ஆப்பிள் பழம், இதயம், நட்சத்திரம் என்று தொடங்கும். அவற்றைவிட, இத்தோட்டப் பின்னணியுள்ள மாணவர் அமைப்பறிந்த பொருள்களே நன்கு பயன்படும்.

முதற்பணிக்கு ரப்பர் இலை பொருத்தம். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். சிற்றிலைக்கு அடியிலும் நுனியிலுமாக இரண்டே முனைகள் போதும். கைப்பிடிகளை இழுத்தால் வயிறு தானே விரியும். தொடக்கநிலை மாணவர் இருபது முனை வைத்து இலையை நெளியவிடுவார். அவற்றை அழிக்கச் சொல்வதுதான் பாடம். பின்பு சுழற்சி மையத்தைக் காம்பு முனைக்கு நகர்த்தி, மூலத்தோடு பிணைந்த இணைநகல் இரண்டைச் சுழற்றினால் முழு இலை கிடைக்கும். மூலத்தின் நுனியைக் கூராக்கினால் மூன்றும் கூராகும்.

அடுத்தது சிக்குக்கோலம். கட்டவலையில் புள்ளிகளை ஒட்டவைத்து, கால்பகுதியை மட்டும் வரைந்து, பிரதிபலித்து இணைக்க வேண்டும். கோடு ஓரிடத்தில் இணையாமல் நின்றால் நிறம் கொடுத்தவுடன் தெரிந்துவிடும்: மென்பொருள் விடுபட்ட இரு முனைகளையும் நேர்கோட்டால் மூடியதாகக் கொண்டு நிரப்பும். வாசலில் பாட்டி கண்டுபிடிக்கும் பிழையை இங்கே நிறம் கண்டுபிடிக்கிறது.

லயவரிசையில் சீரமைப்பும் சம இடைவெளியும் வரும்: ஒரு வீடு, ஒரு கதவு, ஒரு கூரைச்சரிவு, மீதி நகல். பால்வெட்டுப் பட்டை இடமிருந்து வலமாகச் சுமார் 30 பாகை சரியும். மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் வரைந்து நடுவிலுள்ள வெட்டுகளை மென்பொருளின் இடைநிரப்பல் வசதியிடம் விட்டுவிடலாம். ஈப்போவின் பூந்தோங் பகுதியில் விற்கும் கச்சாங் பூத்தே என்னும் தின்பண்டப் பொட்டலத்துக்கு முத்திரை வரைவதில் எழுத்தும் படமும் சேர்கின்றன.

பேராக்கில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் லாட்டின் கோடுகளைப் பென் கருவியால் பின்தொடரச் சொல்வது கவர்ச்சியான யோசனை. ஆனால் அவர் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். தொடக்கநிலை மாணவரின் கோடு ஒரே தடிமனில் நிற்கும். முதல் மாதத்தில் அது மனத்தளர்ச்சியையே தரும். ஈப்போ கல்லுமலைக் கோயிலையொட்டிய சுண்ணக்கல் குன்றின் விளிம்பும் அப்படித்தான். சமச்சீர் இல்லாத உருவங்கள் கடைசியில் வரட்டும்.

மென்பொருள்

இல்லஸ்ட்ரேட்டர் சந்தா கட்டி வாங்கவேண்டியது. அதன் பழைய பதிப்புகளில் ஒருங்குறித் தமிழ் சிதறி, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. இங்க்ஸ்கேப் இலவசம், தமிழைச் சரியாகக் காட்டும், பழைய கணினியிலும் ஓடும். தொடக்க வகுப்புக்கு இதுவே ஏற்றது. அச்சகம் வேறு கோப்பு கேட்டால், எழுத்தைப் பாதையாக மாற்றி பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தால் போதும்.

தற்போதைய நிலை

ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக், தஞ்சோங் மாலிமின் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், சமூகக் கல்லூரிகளின் குறுகியகாலப் பயிற்சிகள், நாடி எனப்படும் சமூக இணைய மையங்கள் ஆகியன மாநிலத்தில் கணினி கற்க உள்ள வாய்ப்புகளுள் சில.