எச்.ஏ.எல். விமான நிலையம், பெங்களூர்

எச்.ஏ.எல். விமான நிலையம் பெங்களூரின் பழைய பன்னாட்டு விமான நிலையம். நகரின் கிழக்குப் பகுதியில், ஒசகோட்டை வழியாகக் கோலாருக்குச் செல்லும் பழைய மெட்ராஸ் சாலைக்குத் தெற்கே, விமானபுரத்தில் உள்ளது. உரிமையாளர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) என்னும் மத்திய அரசு நிறுவனம். 2008 மே 24 அன்று தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்படும்வரை பெங்களூர், கோலார், தும்கூர் வட்டாரத்தினருக்கு இதுவே விமானப் பயண வாசல். அதன்பின் இங்கே பயணிகளுக்கான அட்டவணைச் சேவை இல்லை. தனியார் ஜெட் விமானங்கள், படை விமானங்கள், முக்கியப் பிரமுகர்களின் வருகை, தொழிற்சாலையின் சோதனைப் பறப்பு ஆகியவற்றுக்கு ஓடுபாதை தொடர்ந்து பயன்படுகிறது.

இந்த நிலையத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இது பயணிகளுக்காகக் கட்டப்பட்டதே அல்ல. விமானத் தொழிற்சாலையின் முற்றமாகத் தொடங்கியது. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், வில்லியம் பாலி என்ற அமெரிக்க விமான வணிகருடன் பேசி இந்தியாவில் விமானம் கட்டத் திட்டமிட்டார். திவான் மிர்சா இஸ்மாயில் தலைமையிலான மைசூர் அரசு நிலமும் முதலீடும் தர முன்வந்தது. 1940 டிசம்பரில், எச்.ஏ.எல்.-இன் முன்னோடியான ‘இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்’ பதிவானது; அடுத்த மாதமே வேலை தொடங்கியது.

மைசூர் சமஸ்தானத்தால் இப்படித் தொழில்களை அழைக்க முடிந்ததற்கு மின்சாரமும் ஒரு காரணம். அந்த மின்சாரத்துக்குக் கோலார் தங்கவயலோடு நேரடித் தொடர்பு உண்டு. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் 1902-இல் மின் உற்பத்தி தொடங்கியதே தங்கச் சுரங்கங்களுக்காகத்தான். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளக் கம்பி வழியே தங்கவயலுக்குப் போன மின்சாரம், பெங்களூர் நகருக்குக் கிடைத்தது 1905-இல்தான்.

போர் நெருங்கியதும் இந்திய அரசு நிறுவனத்தில் பங்கு வாங்கியது; 1942-இல் வால்சந்தின் பங்கையும் எடுத்துக்கொண்டது. 1943-இல் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் மையமாயிற்று. டகோட்டா, லிபரேட்டர், நீரிலும் இறங்கவல்ல கேட்டலினா ஆகியவை இங்கே வந்து செப்பனிடப்பட்டுத் திரும்பின. போர் முடிந்ததும் விமான வேலை குறைந்தது. ஆட்களையும் இயந்திரங்களையும் சும்மா வைத்திருக்க முடியாமல் நிறுவனம் ரயில் பெட்டி கட்டத் தொடங்கியது. அந்தப் பிரிவே பின்னர் 1964-இல் உருவான பி.இ.எம்.எல். நிறுவனத்துடன் இணைந்தது. பி.இ.எம்.எல். மண்வாரி இயந்திரங்களுக்கான ஆலையைத் தங்கவயலில் நிறுவியது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது ஊரில் எஞ்சி நின்ற பெரிய ஆலை அதுதான்.

டக்கான் ஏர்வேஸ் 1940-களின் பிற்பகுதியில் ஐதராபாத்திலிருந்து டகோட்டா விமானங்களை இயக்கியபோது பயணிகள் சேவை அரும்பியது. ஆனாலும் நீண்ட காலம் பயணிகளைவிடச் சோதனை விமானிகளே இந்த ஓடுபாதையின் நாயகர்கள். 1951-இல் எச்.டி.-2 பயிற்சி விமானம் இங்கிருந்து எழுந்தது. ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர் விமானம் 1961 ஜூனில் பறந்தது. அதை முதலில் ஓட்டிய சுரஞ்சன் தாஸ் 1970-இல் இதே இடத்தில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். பழைய மெட்ராஸ் சாலையிலிருந்து தொழிற்சாலைப் பக்கம் திரும்பும் சாலைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டுள்ளது. தேஜஸ் போர் விமானம் முதன்முதலாக 2001 ஜனவரி 4 அன்று எழுந்ததும் இங்கிருந்துதான்.

பயணிகள் சேவை நடந்த விதம் சற்று விசித்திரமானது. ஓடுபாதையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடும் தொழிற்சாலையின் கையில். பயணிகள் முனையம் மட்டும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பில். வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே கிணற்றில் நீர் இறைப்பதுபோல, சோதனை விமானமும் பயணிகள் விமானமும் ஒரே பாதையில் முறைவைத்து ஏறி இறங்கின. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 890 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் விமானம் எழக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஓடுபாதை நீட்டிக்கப்பட்டு இன்று 3,300 மீட்டர் அளவில் உள்ளது. ஆனால் ஒன்றுக்கு இணையாக இன்னொரு பாதை போட இடமில்லை. ஊர் அதற்குள் சுவர்வரை வந்துவிட்டது.

நிலையத்தின் வரலாற்றில் மிகக் கொடிய நாள் 1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் 605-ஆம் எண் விமானம் ஓடுபாதையை எட்டுமுன் கோல்ஃப் திடலில் மோதி, ஓர் ஓடையைக் கடந்து கரைமேட்டில் இடித்துத் தீப்பற்றியது. 146 பேரில் 92 பேர் இறந்தனர். விமானம் ஏர்பஸ் ஏ-320. இந்தியன் ஏர்லைன்ஸ் அவ்வகையை வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. தரையை நெருங்கும் நேரத்தில் இயந்திரங்கள் குறைந்த விசையில் ஓடும் இறங்குமுறைக்கு மாறியிருந்தன. அதை விமானிகள் உணர்ந்து விசையைக் கூட்டுவதற்குள் உயரம் தீர்ந்துபோயிற்று. அதன்பின் நாட்டின் ஏ-320 விமானங்கள் அனைத்தும் பல மாதங்கள் தரையில் நிறுத்தப்பட்டன.

1990-களில் மென்பொருள் தொழில் பெருகியது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் சேவைகள் வந்தன. 2001-இல் லுஃப்தான்சா பிராங்க்பர்ட்டிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2003-இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் பெங்களூரைத் தளமாக வைத்து மலிவுக் கட்டணச் சேவையைத் தொடங்கியதும், அதுவரை ரயிலை மட்டுமே அறிந்தவர்களும் முனையத்துக்கு வந்தனர். ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கென இருந்த முனையம், கடைசி ஆண்டில் ஒரு கோடி அளவுக்குப் பயணிகளைத் தாங்கியது. இறங்க இடமில்லாமல் விமானங்கள் வானில் வட்டமிடுவது அன்றாடக் காட்சியாயிற்று.

புதிய இடம் தேடும் பணி 1991-இலேயே தொடங்கியிருந்தது. நகருக்கு வடக்கே தேவனஹள்ளி தேர்வானது. டாடா, ரேதியான், சிங்கப்பூரின் சாங்கி ஆகியோர் கூட்டாக எடுக்கவிருந்த முயற்சி 1998-இல் கைவிடப்பட்டது. பிறகு வந்த தனியார் கூட்டு நிறுவனத்துடன் மத்திய அரசு 2004 ஜூலையில் ஒப்பந்தம் செய்தது. பழைய நிலையத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தவை இந்த ஒப்பந்தத்தின் இரு விதிகள். ஒன்று: புதியது திறந்ததும் எச்.ஏ.எல்.-இல் பயணிகள் சேவையை நிறுத்த வேண்டும். மற்றொன்று: திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, மைசூர், ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் வான்தொலைவுக்குள் புதிய பன்னாட்டு விமான நிலையம் வரக்கூடாது. ஆணைய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். குடிமக்கள் நீதிமன்றம் சென்றனர். குறுந்தூர விமானங்களையாவது இங்கே விட்டுவைக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஒரு மணி நேரம் பறக்க இரண்டு மணி நேரம் சாலையில் போவது யாருக்கு இலாபம்? ஆனால் ஒப்பந்தமே நின்றது. பி.எல்.ஆர். என்ற பயணச்சீட்டுக் குறியீடும் தேவனஹள்ளிக்குப் போயிற்று.

பாங்காக்கிலும் 2006-இல் புதியது வந்ததும் டான் முவாங் மூடப்பட்டது. அங்கே சில மாதங்களில் அது மீண்டும் திறக்கப்பட்டு, இன்று மலிவுச் சேவைகளின் மையமாக உள்ளது. கொழும்பில் ரத்மலானை, கட்டுநாயக்கா வந்தபின் உள்நாட்டு நிலையமாகச் சுருங்கி, 2022-இல் மாலத்தீவுச் சேவையுடன் மீண்டும் பன்னாட்டு நிலையமாயிற்று. எச்.ஏ.எல்.-க்கு அந்த வாய்ப்பு வரவில்லை. ஐதராபாத்தின் பேகம்பேட்டைக்கும் அதே ஆண்டில் இதே கதி.

மூடப்பட்டது பயணிகள் முனையம் மட்டுமே. விமானப்படையின் சோதனை மையமான ‘ஆஸ்டி’ இங்கேயே இயங்குகிறது. தேஜஸ், துருவ் ஹெலிகாப்டர் ஆகியவை இங்கிருந்தே சோதிக்கப்படுகின்றன. 2019 பிப்ரவரியில் மேம்படுத்தப்பட்ட மிராஜ் விமானம் ஒன்று சோதனையின்போது விழுந்து இரு விமானிகள் இறந்தனர். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய பின், 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் பிரதமர் பெங்களூர் வந்து இறங்கியதும் இங்கேதான்.

தேவனஹள்ளிக்கு 2013-இல் கெம்பேகவுடா பெயர் சூட்டப்பட்டது. 2019-இல் இரண்டாம் ஓடுபாதையும் 2022-இல் இரண்டாம் முனையமும் சேர்ந்தன. பயணிகள் எண்ணிக்கை ஆண்டுக்கு 4 கோடியைத் தாண்டிவிட்டதால் இரண்டாம் விமான நிலையப் பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள் கோலார் மாவட்டம் முழுவதும் அடங்கும், ஓசூரும் அடங்கும். தடை 2033 மே மாதத்தில் முடிகிறது. கர்நாடக அரசு கனகபுரா சாலையில் இரண்டு இடங்களையும் நெலமங்களா – குனிகல் சாலையில் ஓர் இடத்தையும் முன்மொழிய, ஆணையக் குழு 2025 ஏப்ரலில் அவற்றைப் பார்வையிட்டது. தமிழ்நாடு அரசு 2024 ஜூனில், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் நிலையம் அமையும் என அறிவித்தது. ஓசூர் வட்டார வான்வெளி எச்.ஏ.எல். கட்டுப்பாட்டுக்குள் வருவதால், அத்திட்டத்துக்குத் தேவனஹள்ளி ஒப்பந்தம் மட்டுமன்றிப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இசைவும் தேவைப்படுகிறது.