ஒரு முத்துத் தண்ணீர்

விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு மலைப்பகுதிகளுக்குச் சென்று கூடாரமடித்துத் தங்குவோர் நம்மிடையே பெருகியுள்ளனர். திரும்பி வருவோருள் சிலர் நம்மிடம் கூறுவதுண்டு: “அங்கே தண்ணீர் வசதி இல்லை ஹஜ்ரத். வீட்டுக்கு வந்து களாச் செய்துகொண்டோம்.” இதைக் கேட்கும்போது வருத்தத்தைவிட வியப்பே மிகுகிறது. தூய்மை குறித்த நம் சட்டங்களுள் முக்கியமான பல, தண்ணீரை அளந்து செலவிட்ட பயணங்களிலும் பாசறைகளிலும்தாம் வகுக்கப்பட்டன.

முதலில் அளவைப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் உளூச் செய்வார்கள்; ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என அனஸ் (ரலி) அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே முத்து. முக்கால் லிட்டருக்கும் குறைவு. நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாவு. ஏறத்தாழ மூன்று லிட்டர். இன்று கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியில் உளூச் செய்து முடித்தபின் குடிக்கவும் மிஞ்சும். ஒரு ஸாவு தமக்குப் போதாது என்று ஒருவர் கூறியபோது, உம்மைவிட அடர்ந்த முடியுடையவரும் உம்மைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது என்ற பொருளில் ஜாபிர் (ரலி) விடையளித்தார்கள்.

இந்த ஸாவின் அளவிலேயே ஒரு சுவையான வரலாறு உண்டு. கூஃபாவின் அறிஞர்கள் அதை எட்டு ராத்தல் என்றனர். மதீனாவாசிகள் ஐந்தே கால் ராத்தலுக்குச் சற்று மேல், அதாவது ஐந்தும் மூன்றில் ஒன்றும் என்றனர். இமாம் அபூஹனீஃபாவின் முதன்மை மாணவரான அபூயூசுஃப் (ரஹ்) மதீனா வந்தபோது, அவ்வூரார் தம் முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்த ஸாவுப் பாத்திரங்களைக் கொணர்ந்து காட்டினர். அவர் அளந்து பார்த்தார். மதீனாவின் அளவை ஏற்றுக்கொண்டார். நம் ஊர்களில் ஃபித்ரா அளவு மத்ஹபுக்கு மத்ஹபு வேறுபடுவதன் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது.

குறைந்த நீரில் நிறைவாகக் கழுவுவது எப்படி? மெல்லிய தாரையாக ஊற்றி, கையால் தேய்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். உறுப்புகளை மும்முறை கழுவுவது சுன்னத்து. எனினும் நபியவர்கள் ஒருமுறை மட்டும் கழுவியதும் உண்டு. இருமுறை கழுவியதும் உண்டு. தண்ணீர் அரிதான இடத்தில் அந்த ஒருமுறையே கைகொடுக்கும். ஓடும் ஆற்றங்கரையிலும் நீரை வீணாக்கலாகாது என்ற அறிவிப்பை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். இப்னு மாஜாவிலுள்ள அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் கலை அறிஞர் பலர். முத்து அளவு பற்றிய உறுதியான செய்தி கையிலிருக்க, நாம் அதையே எடுத்துரைக்கலாம்.

ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்தின்போது முகீரா இப்னு ஷுஅபா (ரலி) தோல் பையிலிருந்து தண்ணீர் ஊற்ற, நபியவர்கள் உளூச் செய்தார்கள். அணிந்திருந்த ஜுப்பாவின் கை இறுக்கமாக இருந்ததால், கைகளை அடிப்புறமாக வெளியே எடுத்துக் கழுவினார்கள். காலுறைகளைக் கழற்றிவிட முகீரா குனிந்தபோது தடுத்து, கால்கள் தூய்மையாக இருந்த நிலையிலேயே அவற்றை அணிந்ததாகக் கூறி, அவற்றின்மீது மஸ்ஹுச் செய்தார்கள். பயணிக்கு இச்சலுகை மூன்று பகலும் மூன்று இரவும். உள்ளூர்வாசிக்கு ஒரு பகலும் ஓர் இரவும்.

அறவே தண்ணீர் இல்லாத நிலைக்கான விடையும் ஒரு பாசறையில்தான் கிடைத்தது. அன்னை ஆயிஷா (ரலி) தம் சகோதரி அஸ்மாவிடம் இரவல் வாங்கியிருந்த கழுத்துமாலை வழியில் தொலைந்தது. அதைத் தேடப் படையே தங்கியது. அங்கு நீர்நிலை இல்லை. யாரிடமும் தண்ணீரும் இல்லை. அபூபக்ர் (ரலி) மகளைக் கடிந்துகொண்டார்கள். மறுநாள் காலை தயம்மும் வசனம் அருளப்பட்டது. பின்னர் ஆயிஷா (ரலி) அமர்ந்து வந்த ஒட்டகத்தை எழுப்பினால், மாலை அதன் அடியில் கிடந்தது!

சலுகை வந்த பின்னும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குளிப்புக் கடமையான அம்மார் (ரலி), விலங்கு புரள்வதுபோல் மண்ணில் புரண்டு எழுந்தார்கள். நபியவர்களோ கைகளைத் தரையில் அடித்து, ஊதி, முகத்தையும் கைகளையும் தடவிக் காட்டினார்கள். இதில் எத்தனை அடி, கையில் எதுவரை, பாறை போதுமா, புழுதி வேண்டுமா என்பவற்றில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. பயணத்துக்கு முன் அவரவர் ஆலிமிடம் கேட்டறிக.

தண்ணீர் இருந்தும் பயன்படுத்த இயலாத நிலையும் உண்டு. ஹிஜ்ரி 8இல் தாத்துஸ் ஸலாஸில் பயணத்தின் கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி), குளித்தால் உயிர் போகும் என அஞ்சி, தயம்மும் செய்து தம் தோழர்களுக்குத் தொழுவித்தார்கள். காரணத்தைக் கேட்ட நபியவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை. அபூதாவூதில் பதிவான மற்றொரு நிகழ்ச்சியோ நெஞ்சை உலுக்குவது. பயணத்தில் தலையில் காயமுற்ற ஒருவர், தயம்மும் செய்ய அனுமதி உண்டா எனத் தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்றனர். குளித்தார், இறந்தார். அவரைக் கொன்றுவிட்டார்களே என நபியவர்கள் கடுமையாகச் சினந்தார்கள். மலைக்குளிரில் காய்ச்சலோடிருக்கும் பிள்ளையைக் குளிரச் சொல்லும் பெற்றோர் இதை அறிந்திருத்தல் நன்று.

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் பயணத்தில் ஒருவர் கூட்டத்தோடு தொழாமல் ஒதுங்கி நின்றார். குளிப்புக் கடமை, தண்ணீர் இல்லை என்றார். மண் போதும் என்றார்கள் நபியவர்கள். பிறகு மக்கள் தாகத்தால் தவித்தபோது, ஒட்டகத்தில் இரு பெரிய தோற்பைகளில் தண்ணீர் கொண்டு சென்ற ஒரு பெண்ணை அழைத்து வந்தனர். நபியவர்கள் அப்பைகளிலிருந்து ஒரு பாத்திரத்தில் நீர் ஊற்றினார்கள். முதலில் மனிதர்கள் குடித்தனர், கால்நடைகளுக்கும் புகட்டினர். கடைசியாகத்தான் அந்த மனிதரிடம் ஒரு பாத்திரம் தண்ணீர் தரப்பட்டது, மேலே ஊற்றிக்கொள்ளும்படி. தன் தண்ணீரை என்ன செய்கிறார்கள் என்று அப்பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பைகளில் நீர் குறையவில்லை. பேரீச்சம் பழமும் மாவும் ஒரு துணியில் கட்டி, அவருடைய ஒட்டகத்தின்மீது வைத்து அனுப்பினார்கள்.