மூங்கில் சட்டகமும் நான்காம் பரிமாணமும்

நகராட்சிப் பூங்காக்களில் சறுக்குமரத்துக்கும் ஊஞ்சலுக்கும் பக்கத்தில், இரும்புக் குழாய்களைக் கட்டம் கட்டமாக இணைத்த ஒரு கூண்டு நிற்பதுண்டு. குழந்தைகள் அதில் ஏறுவார்கள், தொங்குவார்கள், உச்சியில் உட்கார்ந்து கீழே நிற்பவர்களுக்கு அழகு காட்டுவார்கள். ஜங்கிள் ஜிம் என்று ஆங்கிலத்தில் பெயர். இதன் பூர்வோத்தரம் விசித்திரமானது. படைப்புக்கும் படைத்தவனின் கொள்கைக்கும் உள்ள உறவு பற்றி நம்மிடையே ஓயாமல் நடக்கும் தர்க்கத்தில் இதற்கும் ஓர் இடம் உண்டு என்று எனக்குப் படுகிறது.

சார்ல்ஸ் ஹோவர்ட் ஹிண்டன் (1853–1907) ஆங்கிலேயக் கணித ஆசிரியர். நான்காம் பரிமாணம் என்றால் என்ன என்று 1880ல் ஒரு கட்டுரை எழுதினார். கனசதுரத்தை இன்னொரு திசையிலும் நீட்டினால் கிடைக்கும் உருவுக்கு 1888ல் வெளிவந்த நூலில் டெஸராக்ட் என்று பெயர் சூட்டினார். போர்ஹெஸ்ஸின் 'த்லோன்' கதையில் மர்மத்தை அவிழ்க்கும் கடிதம் ஒரு ஹிண்டன் புத்தகத்துக்குள் இருந்துதான் கிடைக்கிறது. 1954ல் டாலி தீட்டிய சிலுவை, பிரித்து விரித்த டெஸராக்ட். நவீன கலையின் வாசலில் இந்த மனிதரின் நிழல் விழுந்திருக்கிறது.

ஹிண்டனின் வாதம் எளியது. முப்பரிமாண உலகில் இருப்பதாக நாம் சொல்லிக்கொண்டாலும் நம் பிரக்ஞை தரையோடு ஒட்டியது. முன்னும் பின்னும், வலமும் இடமும் நமக்குப் பழக்கம். உயரத்தை வெறுமனே பார்க்கிறோம், அதில் வாழ்வதில்லை. மூன்றாவதை உண்மையாகவே பழகியவனுக்கு நான்காவது எட்டாமல் போகாது. இதற்காக முதலில் தம்மையே பயிற்சிக்கு ஆளாக்கிக்கொண்டார். ஒரு கன கஜத்தை ஓர் அங்குலக் கனசதுரங்களாக, நீளம் அகலம் உயரம் ஒவ்வொன்றிலும் 36 ஆகப் பிரித்து, அந்த 46,656 துண்டுகளுக்கும் லத்தீன் பெயர் வைத்து மனப்பாடம் செய்தார். நிகண்டு ஒப்பித்த நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளே மலைத்துப் போவார்கள்.

1886ல் இருதார மணக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, வேலையும் பெயரும் போய், மறு ஆண்டு ஜப்பானுக்குப் போனார். யோகஹாமாவில் ஆசிரியர் வேலை. அந்த நாட்டில் எளிதாகக் கிடைத்த மூங்கிலைக் கொண்டு தம் பிள்ளைகளுக்காக ஒரு சட்டகம் கட்டினார். நட்ட மூங்கில்கள், குறுக்கே இரு திசைகளிலும் படுத்த மூங்கில்கள், ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். எக்ஸ் 2, ஒய் 4, இஸட் 3 என்பது போல அவர் கூவ, பிள்ளைகள் அந்த முனைக்குப் பாய்ந்து ஏற வேண்டும். விண்வெளி அவர்களுடைய தசையில் பதிய வேண்டும் என்பது ஏற்பாடு. பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டார்கள். ஏறுவதையும் தொங்குவதையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஹிண்டனின் போதனை வெறும் பித்து என்று இதைக் கொண்டு தள்ளிவிடலாகாது. அவர் மனைவி மேரி, தர்க்கக் கணிதத்தின் மூலவர் ஜார்ஜ் பூலின் மகள். மேரியின் தங்கை அலிஷியா பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். ஹிண்டனின் மரக் கனசதுரங்களில் ஆரம்பித்தே நான்கு பரிமாண உருவங்களைத் தம் அகக்கண்ணால் கண்டு ஆராயும் நிலைக்கு வளர்ந்தார். 1914ல் க்ரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. ஆக, ஒரே போதனை ஓர் இடத்தில் விளைந்தது; இன்னோர் இடத்தில் செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று.

அந்த மூங்கிலில் ஏறிய பிள்ளைகளில் ஒருவர் செபாஸ்டியன் ஹிண்டன். பின்னாளில் சிகாகோவில் காப்புரிமை வழக்கறிஞர். அருகிலுள்ள வின்னெட்காவில் கல்விச் சீர்திருத்தம் சூடுபிடித்திருந்த காலம். 1920ல் அங்குள்ள பள்ளிகளின் தலைவர் கார்ல்டன் வாஷ்பர்னிடம் பேச்சுவாக்கில் பால்யகாலச் சட்டகத்தைப் பற்றிச் சொன்னார். மூங்கில் இரும்புக் குழாயாயிற்று. 1923 அக்டோபரில் காப்புரிமையும் வந்தது. அதைப் பார்க்க செபாஸ்டியன் இல்லை. சில மாதங்கள் முன்பே தற்கொலை செய்துகொண்டிருந்தார்.

காப்புரிமைப் பத்திரத்தில் நான்காம் பரிமாணம் இல்லை. அந்த இடத்தில் வேறொரு கொள்கை வந்து உட்கார்ந்திருக்கிறது: மனிதனின் முன்னோர் மரமேறிகள், ஏறுவது குழந்தைக்கு இயற்கை என்பதாக. தகப்பனுக்குக் கணிதம், மகனுக்குப் பரிணாமம். குழந்தைகள் இதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படியானால் கொள்கை வெறும் சாரம், கட்டடம் எழுந்ததும் பிரித்துவிடலாம் என்று வடிவவாதிகள் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். சறுக்குமரத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு, அது கதை. ஊஞ்சல் போன இடத்துக்கே திரும்பும்; அது சந்தம். இந்தச் சட்டகத்தில் எல்லா முனையும் சமம். ஒவ்வொரு முனையிலும் ஆறு திசை. எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று யாரும் சொல்வதில்லை. குழந்தைகளை மகிழ்விக்கவென்று உட்கார்ந்தவன் யானை செய்திருப்பான், கோட்டை செய்திருப்பான். அலங்காரம் ஒன்றுகூட இல்லாத இந்த வெறுங்கட்டத்தைத் தன் கொள்கையில் வெறி கொண்ட ஒருவனால்தான் கட்ட முடிந்தது. அதன் கண்டிப்பு கொள்கையிலிருந்து வந்தது. அதன் சுதந்திரம் கொள்கையைச் செவிமடுக்காதவர்களிடமிருந்து வந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்தப் பொருள் இல்லை. கொள்கையை அளவுகோலாக்கிப் படைப்பை அளப்பவர்களும், கொள்கையே வேண்டாம் என்பவர்களும் ஆளுக்குப் பாதியைத் தொலைக்கிறார்கள்.

செபாஸ்டியனின் மகள் ஜோன் 1945ல் முதல் அணுகுண்டுச் சோதனையைக் கண்ட பௌதிகவியலாளர்; 1948ல் சீனாவுக்குப் போய் மாட்டுப் பண்ணைகளில் உழைத்து 2010ல் அங்கேயே இறந்தார். மகன் வில்லியம் சீனக் கிராமம் ஒன்றின் நிலச் சீர்திருத்தத்தை 'ஃபான்ஷென்' என்ற நூலாக 1966ல் தந்தார். இவர்களையும் பாட்டனாரின் கட்டத்துக்குள் உட்காரவைத்து அர்த்தம் பண்ண ஆசை எழுகிறது. எண்ணைக் கூவி, அந்த முனையில் போய் நில் என்று சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

1981ல் அமெரிக்க அரசு விளையாட்டு மைதானப் பாதுகாப்புக்கு வழிகாட்டிக் கையேடு வெளியிட்டது. கை ஒடிந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தக் கவலை நியாயமானது. அங்கே பழைய இரும்புச் சட்டகங்கள் பல அகற்றப்பட்டன. வின்னெட்காவில் ஆதிகாலத்துச் சட்டகம் ஒன்றை வரலாற்றுக் கழகம் காத்து வருகிறது. விளக்கப் பலகையோடு நிற்கும் பொருளுக்குத் தன் கதை நன்றாகவே தெரியும். கதை தெரியாத பிள்ளைகள் ஏறும் வரைதான் அது ஹிண்டன் கட்டியதாக இருந்தது என்பது என் கட்சி.