கிள்ளானுக்கு வந்த குளிர்காலத் திருநாள்

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் வீட்டுக்குப் பிப்ரவரி 11 என்றால் கிள்ளான் லூர்து மாதா கோவில் திருநாள்தான். தோட்டத்து லயத்தில் பிறந்த அம்மாச்சி நவநாள் முழுதும் அசைவம் தொடமாட்டார்.

இந்தத் திருநாள் குளிர்நாட்டில் பிறந்தது. 1858-இல் அதே தேதியில், பிரான்சின் லூர்து நகரில் விறகு பொறுக்கப் போன 14 வயது பெர்னதெத், ஆற்றோரக் கெபியில் மாதாவை முதன்முதலாகக் கண்டாள். ஜூலைக்குள் மொத்தம் 18 காட்சிகள். 1907-இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் முதற்காட்சி நாளை உலகத் திருச்சபை முழுவதற்குமான விழாவாக்கினார்.

தமிழரிடம் இந்தப் பக்தி முன்பே வேரூன்றியிருந்தது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் லூர்து மாதா ஆலயம் 1877-இலேயே எழுந்துவிட்டது. புதுச்சேரியிலும் மலாயாவிலும் ஊழியம் செய்தவர்கள் ஒரே பாரீஸ் வேதபோதக சபைக் குருக்கள். அச்சபையின் சூவே அடிகளார் வடிவமைத்த கோத்திக் பாணிக் கோவில் கிள்ளானில் 1928-இல் எழுந்தது.

பின்னாளில் எங்கள் பக்கத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. லயத்துச் சனங்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்தார்கள். அவர்களை மறுபடி ஒரே முற்றத்தில் சேர்ப்பது இந்தத் திருநாள். அதனால்தான் என் பிள்ளைகளையும் தவறாமல் அழைத்துப் போகிறேன். உறவு யார் யாரென்று அவர்கள் அங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள்.